காப்புக் கட்டிய இரும்பு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தகரத்தில் மழை கொட்டும்போது பாதிச் சொல் அதோடேயே போய்விடும். ஒரு ஜீப்புக்குப் புது இரும்பு போட்ட கதை சொல்லப்போகிறேன். இனிப்பான கதை இல்லை. அதனால் ஆளுக்கொரு சக்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு, பிளேன்டீ ஆறுவதற்குள் கேளுங்கள்.

கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் உச்சிப் பிரிவு மேற்கணக்கு. பஸ் தேயிலை அரைக்கிற ஸ்டோரோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆட்களின் வரிசை வீடான லயத்துக்கு ஏறுகிறது வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாதை. மண் சரிந்த வருஷம் அதில் பாதியை ஓடை தின்றுவிட்டது. மிச்சத்தில் கல் கிழவியின் முட்டி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். அரிசி மூட்டையோ, கேஸ் சிலிண்டரோ, பிள்ளைத்தாய்ச்சியோ, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிணமோ, மேலே போவதென்றால் சுரேந்திரனுடைய பழைய ஜீப்தான்.

சுரேந்திரன் தெஹியோவிட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இரத்தினபுரியில் மாணிக்கக் குழிக்காரர் ஒருவரிடம் டிரைவராக இருந்தான். அவர் தொழிலை விட்டபோது ஜீப் இவன் கைக்கு வந்தது. மேற்கணக்குக்குச் சாமான் ஏற்றி வந்த இடத்தில் பிரேமலதாவைப் பார்த்தான். கொழுந்து எடுக்கிற பெண். கோயில் தலைவர் இராமசாமியின் ஒரே மகள். பெண் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அவளாக வந்துவிட்டாள். அதே தோட்டத்தில், அப்பா வீட்டுக்கு இரண்டு லயம் தள்ளி, செத்துப்போன அத்தையின் ஒற்றை அறைக் காம்பராவில் குடித்தனம்.

அன்றிலிருந்து இராமசாமி மகளோடு பேசவில்லை. காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் அவள் எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்பார். மருமகனுக்கு அவர் வைத்த பெயர் ‘ரப்பர் காட்டான்’. அவன் காதில் விழுகிற தூரத்தில்தான் அதைச் சொல்வார்.

ஒரு லீவு நாளில் கொழும்பிலிருந்து இளவட்டங்கள் சிலர் உயர்ந்த உயர்ந்த ஜீப்புகளில் வந்து அந்தப் பாதையில் ஏறி விளையாடினார்கள். நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற பாதை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சுரேந்திரன் ஒரு மரத்தடியில் நின்று நாள் முழுக்கப் பார்த்தான். அடுத்த மாதமே தன் ஜீப்புக்கும் நெட்டையான ஸ்பிரிங்கும் பெரிய டயரும் போட்டான். கண்டதில் பாதியைச் செய்தான். அந்த ஜீப்புகளின் அடியில் வேறென்ன மாற்றியிருந்தார்கள் என்று குனிந்து பார்க்கவில்லை.

ஜீப்பின் அடிவயிறு கல்லில் தட்டுவது நின்றது. ஆனால் நேரே போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியதாயிற்று. பள்ளத்தில் விழுந்து எழுந்தால் முன்சக்கரம் இரண்டும் உதறும். ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கும். உள்ளே இருக்கிறவர்களின் தாடை தந்தி அடிக்கும்.

“ஏன்டா தம்பி, ஒன் ஜீப்புக்கு அருள் வந்திருச்சு. திருநீறு போட்டு நிப்பாட்டு” என்பாள் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா.

“சாமி இல்ல ஆயி, ஸ்டியரிங்கு.”

“எந்தச் சாமியா இருந்தா எனக்கென்ன? வாயில பல்லு ரெண்டுதான் மிச்சம். அதையும் கொட்டி வெச்சுறாத.”

சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இறங்கும்போது அந்த உதறல் வளைவு முடியும்வரை நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். மறுநாள் ஜீப்பை கஹவத்தைக்கு, ரஸாக் நானாவின் கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

நானா சாக்கை விரித்து ஜீப்பின் அடியில் படுத்தார். இவனையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார்.

“பாருங்க மகன். முன் அச்சு ஸ்பிரிங்குல தொங்கிக்கிட்டு ஈக்கிது. அது அங்கிட்டு இங்கிட்டுப் போகாம குறுக்கால ஒரு கம்பி புடிச்சிக்கிட்டு ஈக்கிதே, இதுதான் ட்ராக் பார். ஒரு நுனி மேல செசிச் சட்டத்துல, மத்த நுனி கீழ அச்சுல. நீங்க ஜீப்ப ஒசத்தினீங்க. கம்பி நீண்டுச்சா? இல்ல. அதான் அச்ச ஒரு பக்கமா இழுத்துட்டு.”

“அந்த நடுக்கம், நானா?”

“பக்கத்துல ஓடுறது ஸ்டியரிங் கம்பி. ரெண்டும் ஒரே சாய்வுல ஈக்கணும். ஒண்ணு ஒரு சாய்வு, மத்தது வேற சாய்வுன்னா, நீங்க திருப்பத் தேவையில்ல, பள்ளமே திருப்பிரும்.”

“எங்க வீட்ல கொழுந்து எடுக்கையில செடி மேல மட்டக்கம்பு வெச்சு ஒரே மட்டமா எடுப்பாங்க. அந்தக் கணக்கா?”

“ஹரி, சரிதான்! மட்டக்கம்பு கணக்குத்தான். பொண்சாதிக்கு வெளங்குறது ஒங்களுக்கு இப்பத்தான் வெளங்கியீக்கி.”

இரண்டு நாள் வேலை. பழைய ஸ்டியரிங் கம்பிகளைக் கழற்றித் தடித்தவற்றைப் போட்டார். நீட்டிச் சுருக்கக்கூடிய புது ட்ராக் பார் போட்டு, அதன் மேல் நுனியைப் பிடிக்கச் செசியில் புதுத் தகடு வைத்தார். சுரேந்திரன் துருவைச் சுரண்டினான், கிறீஸ் பூசினான், நானாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். கடைசியில் ஜாக்கியை இறக்கி, நாலு சக்கரமும் மண்ணில் நின்ற பிறகுதான் நானா பெரிய போல்ட்டை இறுக்கினார்.

“தொங்கவிட்டு இறுக்கினா, படுத்துக்கிட்டு இடுப்புல கட்டின சாரம் மாதிரி. எழும்பினா அவுந்துரும்” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “மகன், இப்ப இறுக்கினது இறுக்கமில்ல. புதுத் தகடு பெயின்டோட உக்காந்தீக்கி. ஒரு ஓட்டம் ஓடினா பெயின்ட் அரைஞ்சு எடம் விடும். மேல போய்ச் சேந்ததும் இந்த போல்ட்ட மறுக்கா இறுக்கணும். ரெண்டு நாள் ஓடிட்டு இன்னொருக்கா. செய்யாட்டி ஓட்ட பெருசாகும், அதுக்குப் பொறகு போல்ட்டு நிக்காது.”

“மறப்பேனா நானா?”

நீட்டு ஸ்பேனர் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

ஜீப் பட்டுமாதிரி ஏறியது. பள்ளம் பள்ளமாகவே இருந்தது. சக்கரம் மட்டும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சுரேந்திரன் பாட்டு முனகிக்கொண்டு கோயிலடிக்கு வந்தபோது தப்பு மேளச் சத்தம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற சாயங்காலம். பாதை நடுவே சனம். சனத்துக்கு முன்னால் இராமசாமி.

“மாப்பிள்ளை” என்றார்.

கண்ணுகளா, அந்த ஒரு சொல்லுக்குச் சுரேந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டான். யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பியும் பார்த்தான்.

“டிரெக்டர் வண்டி கொழுந்து ஏத்த மட்டுந்தானாம், தொரை சொல்லிட்டாரு. ஆத்தா இந்த வருசம் ஒங்க வண்டியிலதான் வருவா. சம்மதந்தானே?”

கூட்டத்தில் பிரேமலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைப் பார்த்தவன் வேறென்ன சொல்வான்? தலையாட்டினான்.

“புதுசா இரும்பு போட்டிருக்கீங்களாமே. எதுன்னு காட்டுங்க. புதுசுலதான் கண்ணு படும்.”

வெள்ளை வேட்டியோடு மனிதர் சேற்றில் மல்லாந்து படுத்தார். ட்ராக் பாரின் மேல் நுனியில், போல்ட்டை மூடினாற்போல வேப்பிலைக் கொத்து வைத்து, மஞ்சள் துண்டு கோத்த நூலைச் சுற்றி முடிந்தார். அந்தத் தோட்டத்துக் கட்டு அப்படி: காப்புக் கட்டிய ஆள் முகம் வழிக்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, காப்புக் கட்டிய பொருளில் காப்பறுக்கும் வரை வேறு ஆயுதம் படக் கூடாது. தேர் அச்சில் கட்டினாலும் அப்படித்தான், வெட்டுக் கத்தியில் கட்டினாலும் அப்படித்தான்.

சுரேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மாமா, அந்த போல்ட்ட ஒருக்கா இறுக்கணும். இறுக்கினதுக்குப் பொறகு கட்டிக்கலாமே?”

“கட்டியாச்சு மாப்பிள்ளை.”

“ஒரு நிமிச வேல மாமா. அவுத்துட்டு...”

“காப்ப அவுக்குறதா?” சேறு வடிய எழுந்து நின்றார். “எந்தத் தோட்டத்துல படிச்சீங்க இத? கட்டுனதுக்குப் பொறகு அது ஆத்தா பொறுப்பு.”

தப்பு மறுபடி முழங்கியது.

அன்று இராமசாமி மகள் வாசலை முதன்முதலாக மிதித்தார். பிரேமலதா நாற்காலியைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். தேங்காய் ரொட்டி சுட்டு, விரத நாளென்று மாசிக் கருவாடு போடாமல் சம்பல் இடித்து வைத்தாள். அப்பா ரொட்டியைப் பிட்டு, “உப்பு கூடிப்போச்சு” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சுரேந்திரன் அடுப்படியில் நின்று இரண்டு பேரையும் பார்த்தான். அந்த ரொட்டி நடுவே போல்ட்டைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் முதல் ஜீப் கோயில் வேலைக்கு ஓடியது. வீடு வீடாக அரிசி தண்டப் போனது, வாழை மரம் ஏற்றி வந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். நாக்கைத் தட்டுவது போலச் சின்னதாக. அடுத்த நாள் அது கதவைத் தட்டுவது போல வந்தது. முன்சீட்டில் இருந்த பிரேமலதாவுக்கும் கேட்டது.

“என்னங்க அது?”

“தெரியாத மாதிரிக் கேக்காத.”

மத்தியானம், எல்லாரும் கோயிலில் கூழுக்கு நிற்கிற நேரம், சுரேந்திரன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனான். வாசலில் வெள்ளையம்மா சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். அவன் சாக்கை விரித்துப் படுக்கப் போகையில் பிரேமலதா ஓடி வந்து முன்னால் நின்றாள்.

“வேணாங்க.”

“தள்ளு புள்ள. நூல அவுக்க மாட்டேன். இலைய ஒதுக்கிட்டு ஒரு இறுக்கு. ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“சத்தம் கேக்குதுல்ல ஒனக்கு? நாள ஆத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டு எறங்கணும்.”

“மெதுவா ஓட்டுங்க. நாளைக்கு ஒரு நாள்தான், பொறகு காப்பறுத்துருவாங்க. இத்தன வருசம் என் மொகத்த ஏறெடுத்துப் பாக்காத மனுசன், சேத்துல படுத்து ஒங்க வண்டிக்குக் காப்புக் கட்டியிருக்காரு. அதுல நீங்க கை வெச்சா, அவரு கட்டுன கட்டு பொய்யின்னு ஆயிருமே.”

“போல்ட்டுக்கு அப்பா மகள் சண்டையெல்லாம் தெரியாது, லதா.”

அவள் அவன் வலக்கையைப் பிடித்து, தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

“தொட மாட்டேன்னு சொல்லுங்க. என் மேல சத்தியமா.”

வெயில் சுள்ளென்று அடித்தது. கோயிலடியில் சிரிப்புச் சத்தம். அவன் இடக்கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு, “சத்தியம்” என்றான். ஸ்பேனரை சீட்டுக்கடியில் எறிந்துவிட்டு, கூழுக்குக்கூடப் போகாமல் படியில் உட்கார்ந்துகொண்டான்.

கடைசி நாள் விடியலிலேயே தூறல். அம்மனை ஜீப்பில் வைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஆற்றுக்கு இறக்கினார்கள். இராமசாமி முன்னால் வேப்பிலை வீசிக்கொண்டு நடந்தார். அம்மன் ஆற்றங்கரையில் இறங்கினாள். பால்குடத்தோடு நடக்க முடியாத பெண்களை ஏற்றிவர ஜீப் திரும்ப மேலே போனது. ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வெள்ளையம்மாவும் இன்னும் சில கிழவிகளும் பின்னால், பிரேமலதா முன்னால்.

ஓடை தின்ற வளைவுக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. உதறல் பிடித்தது. சுரேந்திரன் பிரேக்கை மிதித்தான்; உதறல் நிற்கவில்லை. பால் அலம்பியது. பின்னால் சாய்ந்த குடத்தைப் பிடிக்கச் சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பிய பிரேமலதா, விழாமலிருக்க வலக்கையைக் கதவுக்கு வெளியே ஊன்றினாள். அடியில் ‘டங்’ என்று ஏதோ விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் அவன் கையில் சும்மா சுற்றியது போலிருந்தது. அச்சு தன்பாட்டில் ஒரு பக்கம் ஓடியது. வலது பக்கம் பாதாளம். அவனால் முடிந்தது, ஜீப்பை இடப்பக்க மண்சுவரில் கொண்டு சாய்த்தது மட்டும்தான். அதனால்தான் அத்தனை பேருக்கும் உயிர் மிஞ்சியது. அதனால்தான் பிரேமலதாவின் கை கதவுக்கும் அந்தச் சுவரில் துருத்திய கல்லுக்கும் நடுவே போனது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கையை எடுக்கவில்லை. எலும்பை ஒட்டவைத்தார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிற விரல்கள் ஐந்தும் விறகுச் சிராய் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. “பவ்” என்றாளாம் பக்கத்துக் கட்டில் சிங்களத்தி. அந்தப் பாவப்படுகிற சொல்லைக்கூட நம் ஆட்கள் யாரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் வேறு பேச்சு ஓடியது. “ஆத்தா முன்னாடியே எறங்கிக்கிட்டா” என்றார்கள். “அவளுக்குத் தெரியாதா? காப்புல எவன் கையோ பட்டிருக்கு.” எவன் கை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரப்பர் காட்டான் இருக்கும்போது வேறு ஆளை ஏன் தேட வேண்டும்?

பிரேமலதா வீடு வந்த பிறகு கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். செய்தி கேட்டு ரஸாக் நானா ஸ்டோரடியில் பஸ் இறங்கி, மூச்சு வாங்க நடந்தே வந்திருந்தார். வளைவில் கிடந்த ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

“கம்பியும் ஒடையல்ல, தகடும் கிழியல்ல. போல்ட்டு கழண்டு விழுந்தீக்கி. போல்ட்டோட ஓட்ட முட்டை மாதிரி நீண்டீக்கி. இது கை வெச்சதால வந்ததில்ல. கை வெக்காததால வந்தது. ஒங்க நூல் கம்பியில அப்படியே ஈக்கிது, போய்ப் பாருங்க” என்றார்.

“நானா, ஒங்க வேல இரும்பு” என்றார் இராமசாமி. “இது எங்க ஆத்தா வெவகாரம். நூல திரும்ப முடிஞ்சு வெக்க எவ்வளவு நேரமாகும்?”

வெள்ளையம்மாவைக் கேட்டார்கள். “ஸ்பேனரோட போனதப் பாத்தேன். தொட்டத நான் பாக்கல. பாக்காதத எப்புடிச் சொல்றது? எனக்கு இருக்கிறது ரெண்டு பல்லு, அதுலயும் பொய் சொல்லணுமா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சுரேந்திரன் எழுந்தான். “நான் தொடல. தொடணும்னுதான் போனேன். தொட விடல. லதாவக் கேளுங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. பிரேமலதா துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். இராமசாமியின் கன்னம் துடித்தது. அவருக்கும் தெரியும், கண்ணுகளா. அந்த நேரத்தில் அந்த முற்றத்தில் தெரியாத ஆளே இல்லை.

“தொட்டாரு” என்றாள் அவள்.

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பாதையில் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழித்துத்தான் சுரேந்திரன் கேட்டான்.

“ஏன் புள்ள?”

“அப்பா மொகத்தப் பாத்தீங்களா? தொடலன்னு சொல்லியிருந்தா, மகள் கைய முறிச்சவரு அவருன்னு ஆயிருக்கும். அன்னிக்கே செத்திருப்பாரு.”

“நான்?”

“நீங்க தாங்குவீங்க.”

“தாங்குறதுக்கு ஒரு ஆளு வேணும்னுதான் என்னோட வந்தியா?”

அவள் அவிழ்ந்த கைக்கட்டை இடக்கையால் சுற்றத் தொடங்கினாள். அவன் அடுப்பைப் பற்றவைக்கப் போனான்.

ஜீப்பை நானா சரிசெய்து கொடுத்தார். ஆனால் அதில் ஏற ஆளில்லை. காய்ச்சல்காரனைக்கூடக் கம்பளியில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோரடிக்கு இறங்கினார்கள். கடைசியில் சுரேந்திரன் ஜீப்பை இரத்தினபுரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நானாவின் கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். விடியலில் இறங்கி நடப்பான், பொழுது சாய ஏறி வருவான்.

அடுத்த திருவிழாவுக்கு அம்மனை ஏற்றக் கீழ்க்கணக்கிலிருந்து ஒரு வேன் வந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இராமசாமி காப்பு முடிந்தார். சுரேந்திரன் மனசு கேட்காமல் அந்த டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, சக்கர நட்டெல்லாம் இறுக்கித்தானே இருக்கு?” என்று கேட்டான்.

“காப்புல கை வெச்சுப் பொண்டாட்டி கையத் தின்னவன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்” என்றான் அவன், ஊரே கேட்க. சிரித்தவர்களில் சிலரைச் சுரேந்திரன் நடு மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிர் பிழைக்க வைத்திருக்கிறான்.

இராமசாமி இப்போது தினமும் மகள் வீட்டுக்கு வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார், மகளின் கையைப் பார்க்காமல் பேசுகிறார். டீ போடுவதும் ரொட்டி தட்டுவதும் சுரேந்திரன்தான். பிரேமலதாவுக்கு இடக்கையால் சாப்பிட மனம் வராது. அதனால் கராஜிலிருந்து வந்து, கிறீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டு அவன் ஊட்டுகிறான். அவள் வாயைத் திறக்கிறாள். ‘தொட்டாரு’ என்று சொன்ன அதே வாய். அவன் ஒவ்வொரு துண்டாக வைக்கிறான். அப்பா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. மழை விட்டிருக்கிறது, பார்த்து இறங்கிப் போங்கள். உங்கள் வீட்டு உலை குறையாமல் கொதிக்கட்டும், போன பிள்ளைகள் பொழுதோடு வந்து சேரட்டும். ஒருத்தர் மானத்தைக் காக்க இன்னொருத்தர் கை போகாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். நல்லா இருங்கள்.